ஊருக்குப் போன மூணாம் நாள் வயிற்றைப் புரட்டுகிறதா?

பாரிஸிலிருந்து கிளம்பி விடியற்காலை சென்னையில் இறங்கி, ஈ.சி.ஆரில் மூன்று மணி நேரத்துக்கு மேல் குலுங்கி, கடலூர் மஞ்சக்குப்பத்தில் அத்தை வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இட்லியும் கறிக்குழம்பும் தயாராக இருக்கும். பாரிஸ் நேரப்படி என் வயிற்றுக்கு அப்போது இன்னும் விடியவில்லை. வேண்டாமென்றால் அத்தை முகம் சுருங்கிவிடும், அதனால் சாப்பிடுவேன். மூணாம் நாள் குமட்டல் தொடங்கும். "தண்ணி ஒத்துக்கல" என்று வீடே தீர்ப்புச் சொல்லிவிடும்.

பல வருடம் நானும் தண்ணீரைத்தான் திட்டினேன். கேன் தண்ணீர் மட்டும் குடித்தும் புரட்டல் நிற்கவில்லை. போன தடவை ஒரு குட்டி நோட்டில், என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு, எப்போது உமட்டியது என்று குறித்து வைத்தேன். நாலே நாளில் ஆள் அகப்பட்டது. பால் காபி! பாரிஸில் பால் விடாத காபி ஒன்றோ இரண்டோதான். ஊரில் ஏறி இறங்கும் வீட்டிலெல்லாம் ஒரு டம்ளர், முதல் டம்ளர் வெறும் வயிற்றில். பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்கும் நொதி வயது ஏற ஏற நம்மில் பலருக்குக் குறைந்துவிடும். வயிறு உப்பும், பொருமும், சிலருக்குக் குமட்டும். தயிரும் மோரும் அவ்வளவு படுத்தாது, புளிக்கும்போதே லாக்டோஸில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. நீர்மோருக்கு மாறினேன், அடங்கியது.

உங்கள் நோட்டில் வேறு ஆள் சிக்கலாம். கடற்கரை பஜ்ஜி, திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெய், ராத்திரி பத்து மணிக்குப் பரோட்டா. நேரம் மாறிய குழப்பத்தில் சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மினையோ இரும்புச்சத்து மாத்திரையையோ வெறும் வயிற்றில் விழுங்குவதும் உண்டு. (புதுச்சேரியில் வேறெதையோ குடித்துவிட்டுக் காலையில் புரட்டுகிறது என்பவர்களுக்கு இங்கே வைத்தியம் இல்லை.)

மீனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சூரை, கானாங்கெளுத்தி மாதிரி மீன்கள் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் சேரும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. வாடையும் காட்டிக்கொடுக்காமல் இருக்கலாம். சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தலை வலித்து, குமட்டினால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். கடலூர் முதுநகருக்குக் காலையிலேயே போய் ஐஸில் இருக்கிற மீனாகப் பார்த்து வாங்குங்கள். மதியச் சோற்றை வெளியே வைத்து ராத்திரி தாளித்துக் கொடுத்தாலும் இதே கதைதான்: அதில் வளரும் ஒரு கிருமியின் நச்சு, சூடு காட்டினாலும் அழியாது.

கைவைத்தியத்தில் நான் நம்புவது இஞ்சி. அத்தை தோல் சீவி, அம்மியில் நசுக்கி, சாறு பிழிந்து டம்ளரில் அசையாமல் வைப்பார். பத்து நிமிடத்தில் அடியில் வெள்ளையாக மாவு படியும். மேலே தெளிந்ததை மட்டும் இறுத்து, ஒரு ஸ்பூன் தேன் விட்டுத் தருவார். கடையில் இஞ்சி மொரப்பா வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டால் கார் பயணத்துக்கு உதவும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இஞ்சியை அதிகமாக்க வேண்டாம். காய்ந்த நார்த்தங்காய்த் துண்டு ஒன்றை வாயில் அடக்கினால் உமட்டல் தணியும், ஆனால் அதில் உப்பு அதிகம், பிரஷர் உள்ளவர்கள் கவனம். நெஞ்செரிச்சல்காரர்களுக்கு எலுமிச்சையும் நார்த்தங்காயும் எதிரி. அவர்களுக்குச் சீரகத் தண்ணீரும் நொய்க் கஞ்சியும் போதும்.

வாந்தியே வந்துவிட்டால் ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைத் தூளைக் கரைத்துக் கொடுங்கள். பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு; கண்ணளவில் கரைக்காதீர்கள். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு தலைதட்டிய டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. மடமடவென்று குடித்தால் திரும்ப வந்துவிடும், ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள்.

சிறுநீர் மஞ்சளாகி, சோற்றைக் கண்டாலே பிடிக்காமல் போனால் மஞ்சள் காமாலையாக இருக்கலாம். யாராவது கீழாநெல்லியோடு வருவார்கள். முதலில் ரத்தப் பரிசோதனை. எண்ணெய்ப் பலகாரத்துக்குப் பின் வலப்பக்க மேல்வயிறு வலித்தால் பித்தப்பையைப் பார்க்க வேண்டும். நாள் தள்ளிப்போயிருந்தால் காரணம் வேறாகவும் இருக்கலாம். காய்ச்சல், ரத்த வாந்தி, தலைசுற்றல் என்றால் காத்திருக்காதீர்கள். சர்க்கரை நோயாளிக்கு வியர்வையோடு குமட்டினால் அது மாரடைப்பாகவும் இருக்கலாம், உடனே 108. கடலூரில் அரசு தலைமை மருத்துவமனை, புதுச்சேரியில் ஜிப்மர். ஜிப்மரில் வெளிநோயாளி சீட்டுக்குக் காலையிலேயே போய்விட வேண்டும்.

போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள். "எத்தனை நாளா இருக்கு?" என்று டாக்டர் கேட்பார். நீங்கள் பக்கத்தைப் புரட்டுவதற்குள் கூட வந்த அத்தை சொல்லிவிடுவார், "தண்ணி ஒத்துக்கல சார்."