கண்ணாடி அடுப்பில் வெல்லப்பாகு வழிந்தால் ஆறவிடாதீர்கள்

ஜெர்மனியில் அடுப்போடு வரும் வாடகை வீட்டின் சாவி கைக்கு வந்ததும் சமையலறையில் பெரும்பாலும் பார்க்கப்போவது பர்னரும் லைட்டரும் இல்லை, சூடாகும் வட்டங்கள் உள்ள ஒரு கறுப்புக் கண்ணாடிப் பலகை. மைன்ஸ் நகரத்து ஷாட் கம்பெனி 1971-ல் கொண்டுவந்த 'செரான்' என்ற பெயரைத்தான் இங்கே எந்தக் கண்ணாடி அடுப்புக்கும் சொல்கிறார்கள். சாவி வாங்கும் அன்றே அடுப்பைத் துடைத்து, விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். இருக்கிற கீறல், குழி ஒவ்வொன்றையும் படமெடுத்து ஒப்படைப்புப் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். கௌட்சியோன் என்கிற அட்வான்ஸ், ஹீட்டிங் முதலிய செலவுகள் சேராத வாடகையில் மூன்று மாதம் வரை இருக்கும். அதிலிருந்துதான் பிடிப்பார்கள். எங்களிடம் பிடித்தது 380 யூரோ.

இரண்டாம் வருடப் பொங்கல் அது. வெளியே பனி. பால் பொங்கி, அரிசியும் பருப்பும் வெந்துகொண்டிருந்தது. பக்கத்து வட்டத்தில் சின்னப் பாத்திரத்தில் வெல்லத்தைக் கரைய வைத்துவிட்டு, ஊரிலிருந்து வந்த வீடியோ காலை எடுத்தேன். திரும்பிப் பார்ப்பதற்குள் பாகு நுரைத்து வழிந்து, சிவப்பாக இருந்த வட்டத்தின் மேல் கறுத்துப்போயிருந்தது. உடனே அணைத்தேன். சூட்டில் கை வைக்கக் கூடாது, ஆறட்டும், காலையில் தேய்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். நம் வீட்டில் காஸ் அடுப்பில் அப்படித்தானே செய்வோம்? காலையில் பிளேடு வைத்த சுரண்டியால் நெம்பினேன். பாகு சில்லாகப் பெயர்ந்தது. அதன் அடியில் கண்ணாடியும் நகக்கண் அளவுக்கு ஒட்டிக்கொண்டு வந்தது. விரலால் தடவினால் மூன்று இடத்தில் குழி.

இந்தக் கண்ணாடி சூட்டுக்குக் கிட்டத்தட்ட விரிவதும் இல்லை, ஆறும்போது சுருங்குவதும் இல்லை. அதனால்தான் தீயாய்க் கொதித்தாலும் வெடிப்பதில்லை. சர்க்கரை அப்படி இல்லை. உருகி ஒட்டிக்கொண்ட பிறகு ஆற ஆறச் சுருங்கும், சுருங்கும்போது கண்ணாடியின் மேல்தோலைப் பிய்த்துக்கொண்டு வரும். சாம்பார் வழிந்தால் ஆறியபின் துடைக்கலாம். வெல்லம், சர்க்கரை, பாயசம், ஜாம், உருகிய பிளாஸ்டிக், அலுமினியத் தாள் என்றால் ஆறவே விடக்கூடாது. அடுப்பை அணைத்து, பாத்திரத்தைத் தூக்கி, கனமான கையுறை போட்டுக்கொண்டு, சுரண்டியைச் சாய்த்துப் பிடித்து, சூடாக இருக்கும்போதே சூடில்லாத பக்கம் தள்ளிவிடுங்கள். அந்தச் சுரண்டி டிஎம், ரோஸ்மன் கடைகளில் சில யூரோவுக்குக் கிடைக்கும். வீட்டுக்குள் அரிசி வருவதற்கு முன் அது வரட்டும்.

இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தோம். பெரும்பாலான கண்ணாடிப் பாலிசிகள் உடைந்தால்தான் பணம் தரும், கீறலுக்கும் குழிக்கும் தராது. கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

பாத்திர விஷயத்தில் எனக்குக் கோபமே உண்டு. பெட்டியில் இருபத்து மூன்று கிலோதான் அனுமதி, அதில் உருளியும் மண்சட்டியும் ஈயச்சொம்பும் கட்டி அனுப்புகிறார்கள். ஈயச்சொம்பின் வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகும், இந்த வட்டம் அதைவிட எவ்வளவோ மேலே போகும். அடி உருண்ட வாணலி ஒரு புள்ளியில்தான் கண்ணாடியைத் தொடும், வதக்கல் வதங்காது. அம்மா கொடுத்த வெண்கலப் பானை அதனால்தான் இன்று என் ஜன்னலோரம் வெறுமனே உட்கார்ந்திருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் வலிக்கும்.

அடி தட்டையான, கனமான எவர்சில்வர் போதும். இரும்புத் தோசைக்கல்லை வைக்கலாம், ஆனால் அடி வழவழப்பாக இருக்கவேண்டும். இழுக்காமல் தூக்கி வையுங்கள், அடியில் ஒரு உப்புக்கல் இருந்தாலும் கோடு விழும். தோசைக்கல் மெதுவாகத்தான் காயும். நடுத்தரச் சூட்டில் பத்து நிமிடம் பொறுங்கள். வட்டம் விட்டு விட்டுச் சிவப்பது கோளாறு இல்லை, சூட்டை அதுவே கட்டுப்படுத்துகிறது. உங்கள் வீட்டில் இருப்பது இண்டக்‌ஷன் என்றால் வட்டம் சிவக்காது. அப்போது ஃபிரிட்ஜ் காந்தம் ஒட்டுகிற அடி வேண்டும், பழைய அலுமினியக் குக்கர் உதவாது.

அணைத்த பிறகும் வட்டம் வெகுநேரம் சுடும், சூடு இன்னும் இருக்கிறது என்று காட்டும் 'எச்' (H) எழுத்து மறையும்வரை குழந்தைகளை அண்டவிடாதீர்கள். பால் பொங்கினால் குமிழைத் திருப்பிப் பயனில்லை, பாத்திரத்தைத் தூக்குங்கள். அடுப்புக்கு மேல் அலமாரியில் இடிகல், ஊறுகாய்ப் பாட்டில் வேண்டாம். சூட்டுக்கு அசையாத இந்தக் கண்ணாடி, விழுகிற பொருளுக்கு விரிசல் விடும். விரிசல் கண்டால் ஃபியூஸ் பெட்டியிலேயே அடுப்பை அணைத்துவிட்டு வீட்டுக்காரருக்குச் சொல்லுங்கள்.

இப்போது நான் பாகை அடுப்பில் வைப்பதே இல்லை. பொடித்த வெல்லத்தில் கெட்டில் வெந்நீரை ஊற்றிக் கரைத்து, வடிகட்டி, அடுப்பிலிருந்து இறக்கிய பொங்கலில் சேர்த்துக் கிளறுகிறேன். பால் விளிம்புக்கு ஏறும் நேரத்தில் பானையைத் தூக்கிப் பக்கத்தில் இருக்கும் தாம்பாளத்தில் வைத்துவிடுவேன். பிள்ளைகள் "பொங்கலோ பொங்கல்" என்று கத்த, பால் தாம்பாளத்தில் வழிகிறது.