உப்புத்தாள் எழுத்து: மூன்று படிப் பாடம் நடத்தும் முறை

மாண்டிசோரி வகுப்பில், உப்புத்தாளில் எழுத்தை வெட்டி ஒட்டிய எழுத்தட்டையை எடுப்பதற்கு முன் குழந்தையின் காதைப் பழக்குவேன். ‘“ப” என்று தொடங்கும் ஒன்று இந்த மேசையில் இருக்கிறது, என்ன அது?’ என்கிற விளையாட்டில் தேறிய பிறகே அட்டை.

ஒரு பாடத்துக்கு இரண்டு, மூன்று எழுத்து போதும். ட, ப, ம என்று வடிவம் ஒத்தவற்றைச் சேர்த்துச் சொல்லித்தருவது நமக்குப் பழக்கம். இங்கே நேர்மாறாக, பார்க்கவும் கேட்கவும் விலகி நிற்பவை வேண்டும். நான் ப, க, ல எடுப்பேன். ல, ள, ழ மூன்றையும் ஒரே நாளில் வைக்கவே வேண்டாம்.

வெதுவெதுப்பான நீரில் கை கழுவித் துடைத்தால் விரல்நுனி கூர்மையாக உணரும். வலக்கைக் குழந்தை என்றால் அதன் வலப்பக்கம் உட்காருங்கள். உங்கள் கை எழுத்தை மறைக்காது.

முதல் படி: ஆட்காட்டி விரலாலும் நடுவிரலாலும், எழுதும் திசையிலேயே மெல்லத் தடவி, ‘இது ப’. அடுத்து குழந்தை தடவட்டும். வேறு பேச்சு கூடாது.

இரண்டாம் படியில்தான் நேரம் செலவிட வேண்டும். ‘க-வைத் தடவு.’ ‘ல-வை என் கையில் கொடு.’ ‘ப-வை ஜன்னலோரம் வை.’ அட்டைகளை இடம் மாற்றி மாற்றிக் கேளுங்கள். பெயர் மனதில் பதிவது இங்கேதான். பலர் இதை அவசரமாகத் தாண்டிவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

மூன்றாம் படி: ‘இது என்ன?’ பதில் வரும் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் கேளுங்கள். வெவ்வேறு அளவுக் குழிகளில் உருளைகளைப் பொருத்தும் உருளைக் கட்டையில் இடம் மாறினால் கடைசியில் ஓர் உருளை பொருந்தாமல் நிற்கும், குழந்தையே சரிசெய்துகொள்ளும். எழுத்தின் பெயரை எந்த அட்டையும் திருத்தித் தராது, நாம்தான் சொல்ல வேண்டும். ஆகவே தடுமாறினால் ‘தப்பு’ என்னாமல் இரண்டாம் படிக்குத் திரும்புங்கள், அல்லது அன்றைக்கு எடுத்து வைத்துவிடுங்கள். இந்த மூன்று படிகள் பிரெஞ்சு மருத்துவர் செகானிடமிருந்து, இந்தக் கல்விமுறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி எடுத்துக்கொண்டவை.

அட்டையை நீங்களே செய்வதானால் மிருதுவான உப்புத்தாள் வாங்குங்கள். உயிரெழுத்துகளுக்குத் தனி நிற அட்டை.

பாடம் முடிந்ததும் அட்டைகள் குழந்தைக்கு எட்டும் அலமாரியில் இருக்கட்டும். உடனே வாசிக்கச் சொல்லாதீர்கள். 1907-இல் ரோமின் சான் லோரென்சோவில் தொடங்கிய மாண்டிசோரியின் முதல் பள்ளியான குழந்தைகள் இல்லத்திலும், எழுத்தைத் தடவிப் பழகிய பிள்ளைகள் முதலில் எழுதினார்கள். வாசிப்பு பிறகுதான் வந்தது.