குறும்படத்துக்கு ஒரு நிமிட ட்ரெய்லர்: செல்போன் படப்பிடிப்பு முதல் தமிழ் டைட்டில் வரை

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) மாணவர்கள் பலரும் குறும்படத்தை முடித்துவிட்டு, ட்ரெய்லரைக் கடைசி ராத்திரிக்குத் தள்ளிவிடுகிறார்கள். நன்றாக வந்த ஷாட்டுகளை வரிசையாக அடுக்கி, அடியில் ஒரு பாட்டை ஓடவிட்டால் ட்ரெய்லர் ஆகிவிடும் என்ற நினைப்பு. அப்படிச் செய்தால் கிடைப்பது கதைச் சுருக்கம். அதைப் பார்த்தவர் படத்தையே பார்த்துவிட்டதாக நினைத்துக்கொண்டு போய்விடுவார். ட்ரெய்லருக்கு ஒரே வேலைதான்: பார்ப்பவர் மனதில் ஒரு கேள்வியை மாட்டிவிட்டு நகர்ந்துவிடுவது. பத்து நிமிடப் படத்துக்கு 60 வினாடி தாராளம்.

விளக்குவதற்கு ஒரு கதை வைத்துக்கொள்வோம். கடைசிப் பேருந்தைத் தவறவிட்ட ஒரு மாணவி, ராத்திரி நேரத்துப் பேருந்து நிலையம், பக்கத்து பெஞ்சில் யாருமே எடுக்க வராத ஒரு பை. படத்தின் பெயர் 'யாரோட பை?'

1. முதலில் காதால் தேர்ந்தெடுங்கள்

எடிட் செய்த படத்தை ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். படம் தெரியாமலே புரிகிற வசனங்களை ஒரு தாளில் எழுதுங்கள்.

"அண்ணே, திருச்சி பஸ் போயிடுச்சா?"
"இப்பதாம்மா போச்சு."
"இந்தப் பை உங்களோடதா?"

இந்த மூன்றே போதும். இடம், சிக்கல், மர்மம் மூன்றும் வந்துவிட்டன. பையைத் திறக்கும் காட்சி எவ்வளவு அழகாக வந்திருந்தாலும் ட்ரெய்லரில் வேண்டாம். கேமராமேன் சண்டைக்கு வருவார், வரட்டும்.

2. ட்ரெய்லருக்கென்று அரை நாள் படப்பிடிப்பு

படத்துக்காக எடுத்ததில் பெரும்பாலும் நீளமான வைட் ஷாட்டுகள்தான் இருக்கும். ட்ரெய்லருக்குத் தேவை குளோசப்புகள்: பையின் ஜிப், கடிகாரத்தைப் பார்க்கும் கண், தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும் செருப்பு. இதற்காக மறுபடி அனுமதி வாங்கிப் பேருந்து நிலையத்துக்குப் போக வேண்டியதில்லை. கல்லூரி வராண்டாவில் ஒரு சிமெண்ட் பெஞ்சும் அதே பையும் இருந்தால் போதும். பேருந்து நிலையச் சத்தத்தை மட்டும் தனியாக இரண்டு நிமிடம் போனில் பதிவு செய்து அடியில் போட்டால், ஒருவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட்டும் மலிவான எல்இடியும் வினாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். போனை அதன் வழக்கப்படி வினாடிக்கு 30 ஃப்ரேமிலும் 1/60 ஷட்டரிலும் (ஒரு ஃப்ரேம் ஒளி வாங்கும் நேரம், வினாடியில்) விட்டால் பிம்பத்தில் பட்டை பட்டையாக ஓடும். 25 ஃப்ரேம், 1/50 ஷட்டர் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். உங்கள் போன் கேமராவில் இந்த வசதி இல்லையென்றால் பிளாக்மேஜிக் கேமரா செயலி இலவசம். போன் அதை ஏற்கிறதா என்று மட்டும் பாருங்கள். குறும்படத்தையே 30 ஃப்ரேமில் எடுத்திருந்தால், இதையும் 30 ஃப்ரேமிலேயே எடுத்து ஷட்டரை மட்டும் 1/50 அல்லது 1/100 ஆக்குங்கள்.

அப்புறம், போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். லென்ஸைத் துடையுங்கள். திரையில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டுங்கள். ஒவ்வொரு ஷாட்டையும் பத்து வினாடியாவது ஓடவிடுங்கள்.

3. டைட்டில்: தமிழ் உடையும் இடம்

ஆங்கில டைட்டிலுக்கான பயிற்சி வீடியோக்கள் ஆயிரம் உண்டு. அவற்றை அப்படியே தமிழுக்குப் போட்டால் மூன்று இடத்தில் அடி விழும்.

ஒன்று, மென்பொருள். அடோபி பிரீமியரிலும், ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் பழைய பதிப்புகளிலும் அமைப்புகளுக்குள் போய் டெக்ஸ்ட் எஞ்சினைத் தெற்காசிய மொழிகளுக்கானதாக மாற்றாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். இரண்டாவது, எழுத்து இடைவெளி. சினிமாத்தனம் வேண்டும் என்று இடைவெளியைக் கூட்டினால் 'யா'வின் கால் கழன்று தனியாக நிற்கும். மூன்றாவது, எழுத்துகளை ஒவ்வொன்றாக வரவைக்கும் டைப்ரைட்டர் எஃபெக்ட். 'பை' வருவதற்கு முன் ஒரு கணம் 'ப' வந்து, கொம்பு சேர்ந்ததும் அது வலப்பக்கம் குதிக்கும். பெரிய திரையில் அசிங்கமாகத் தெரியும்.

இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் இதைத் தவிர்க்கலாம். 1920 x 1080 பிக்ஸல் பக்கம் திறந்து, யூனிகோடில் பெயரை அடியுங்கள். கூகுள் ஃபாண்ட்ஸில் முக்தா மலர், ஹிந்த் மதுரை, மீரா இனிமை, காட்டமரன், கவிவனார் எல்லாம் இலவசம். இந்தக் கதைக்கு நான் தடிமனான முக்தா மலரைத்தான் போடுவேன். கவிவனாரின் கையெழுத்துச் சாயல் காதல் கதைக்குப் பொருந்தும்.

எழுத்துகளைப் பாத் (வெறும் கோட்டு வடிவம்) ஆக மாற்றி, குரூப்பைப் பிரியுங்கள். இப்போது 'ரோ' மூன்று துண்டாக இருக்கும்: கொம்பு, ர, கால். அந்த மூன்றையும் சேர்த்து ஒரு குரூப்பாக்குங்கள். 'யா', 'பை' இரண்டுக்கும் அப்படியே. இனி இடைவெளியை இஷ்டத்துக்குக் கூட்டலாம், எதுவும் கழலாது. கடைசியில் யா, ரோ, ட, பை, கேள்விக்குறி என ஐந்தையும் தனித்தனியாக, ஆனால் முழுப் பக்க அளவில், பின்னணி இல்லாத பிஎன்ஜி ஆக எடுங்கள். முழுப் பக்கமாக எடுத்தால்தான் டைம்லைனில் ஒன்றன்மேல் ஒன்று வைக்கும்போது தானாகவே சரியான இடத்தில் உட்காரும். ஐந்தையும் நான்கு நான்கு ஃப்ரேம் தள்ளி ஆரம்பிக்கவிட்டால் எழுத்தெழுத்தாக வரும். முழுப் பெயரும் வந்தபின் மூன்று வினாடி நிற்கட்டும்.

4. எடிட்டிங்

டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே போதும். லேப்டாப் திணறினால் ஷாட்கட் என்ற மென்பொருள். ரிசால்வில் கிளிப்புகளை உள்ளே கொண்டுவருவதற்கு முன்பே ஃப்ரேம் ரேட்டை வைத்துவிடுங்கள். பிறகு மாற்ற விடாது.

முதலில் வசனங்களையும் சத்தங்களையும் மட்டும் அடுக்குங்கள். வெறும் ஒலியாகக் கேட்டாலே ஒரு இழுப்பு இருக்க வேண்டும். அதன்பிறகுதான் படம். ஆரம்ப ஷாட்டுகள் நிதானமாக நிற்கலாம்; போகப் போகக் குறுகட்டும். "இந்தப் பை உங்களோடதா?" என்றதும் எல்லாச் சத்தத்தையும் ஒரு வினாடி அறுத்துவிடுங்கள். அந்த அமைதியில் டைட்டில். டைட்டில் மறைந்ததும் கருப்புத் திரை, பைக்குள்ளிருந்து ஒரு செல்போன் அடிக்கும் சத்தம். அவ்வளவுதான்.

சினிமாப் பாட்டு வேண்டாம், யூடியூபில் காப்பிரைட் வந்து நிற்கும். யூடியூப் ஆடியோ லைப்ரரியிலிருந்து எடுங்கள். பெயர் குறிப்பிடச் சொல்லும் இசையென்றால் விவரப் பகுதியில் குறிப்பிடுங்கள். தியேட்டர் ட்ரெய்லர்போலத் தோன்ற வேண்டும் என்று முதலில் போலித் தணிக்கைச் சான்றிதழ் போடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

5. வெளியிடுவது

எம்பி4, எச்.264, 1080பி, வினாடிக்கு 8 முதல் 16 மெகாபிட். முதலில் யூடியூபில் அன்லிஸ்டட் (லிங்க் உள்ளவர் மட்டும் பார்க்கும்படி) ஆக ஏற்றி, இயர்போன் இல்லாமல் போன் ஸ்பீக்கரில் கேளுங்கள். பெரும்பாலோர் அப்படித்தான் பார்க்கப்போகிறார்கள். வசனம் இசைக்குள் அமுங்கினால் இசையைக் குறைத்து மறுபடி ஏற்றுங்கள். சரியாக இருந்தால் பப்ளிக் ஆக்கி, லிங்கை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடலாம்.