புவெனஸ் ஐரிஸில் உள்ளூர் நண்பர்களுடன் ஊர் சுற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அர்ஜென்டினாவின் தலைநகரில் பிறந்து வளர்ந்த நண்பர் ஒருவர் தம் ஊரை நமக்குக் காட்ட முன்வருவது பெரும் பேறு. அந்தப் பேற்றை முதல் நாளே வீணடிக்கும் தவறு, பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலை அவர் கையில் கொடுப்பதுதான். 1936-இல் எழுப்பப்பட்ட ஒபெலிஸ்கோ தூண், முன்னாள் அதிபர் ஹுவான் பெரோனின் மனைவி ஏவா பெரோன் அடக்கம் செய்யப்பட்டுள்ள ரெக்கோலெத்தா கல்லறைத் தோட்டம், நாடக அரங்கே புத்தகக் கடையாகிவிட்ட கிராண்ட் ஸ்ப்லெண்டிட் ஆகியவற்றை எவர் துணையும் இன்றி நாமே போய்ப் பார்த்துவிடலாம். நண்பர் இல்லாமல் கிடைக்காதவை அவருடைய வீட்டு மேசையும், அவர் நடக்கும் தெருவும், அவர் நமக்காக ஒதுக்கும் மாலைப் பொழுதும்தான். ஆகவே இடங்களை நாம் தனியாகப் பார்த்துக்கொண்டு, நேரத்தை அவரிடம் விட்டுவிடுவது நல்லது.

அந்த நேரம் நம் பழக்கத்துக்கு ஒத்துவராது என்பதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். இரவு உணவு ஒன்பது மணிக்கு முன் தொடங்குவது அரிது. வார இறுதியில் பத்து மணிக்கு மேல் இலை போட்டாலும் எவரும் வியப்படைய மாட்டார்கள். ஏழு மணிக்கே பசிக்கிறது என்று நண்பரை அவசரப்படுத்துவதைவிட, மாலை ஐந்து, ஆறு மணியளவில் அவர்கள் காபியுடன் மெதியாலூனா என்னும் பிறை வடிவ ரொட்டி சாப்பிடும்போது நாமும் வயிறாரச் சாப்பிட்டுவிடுவதே சரியான வழி. வீட்டுக்கு ஒன்பது மணிக்கு வரச் சொன்னால், சரியாக ஒன்பதுக்குப் போய் நின்று வீட்டாரைத் திணறடிக்க வேண்டாம்; கால் மணி முதல் அரை மணி வரை தாமதமாகச் செல்வதே அங்கு இயல்பு. சாப்பிட்டு முடித்ததும் எழுவதும் தவறுதான். தட்டுகள் ஒதுக்கப்பட்ட பிறகு மேசையைச் சுற்றி நீளும் பேச்சுக்கு ‘சோப்ரேமேசா’ என்று தனிப் பெயரே உண்டு. நட்பு முதிர்வது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

சைவ உணவு உண்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘கார்னே’ என்ற சொல் இறைச்சியைக் குறித்தாலும், பேச்சு வழக்கில் அது பெரும்பாலும் மாட்டிறைச்சியையே சுட்டுகிறது. எனவே ‘கார்னே வேண்டாம்’ என்று மட்டும் சொல்பவரின் தட்டில் கோழியோ பன்றித் துண்டோ வந்து விழக்கூடும். மாடு, கோழி, மீன், பன்றி என ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி மறுத்துவிடுவதே பாதுகாப்பு. அதையும் விருந்துக்கு இரண்டு நாள் முன்பே சொல்ல வேண்டும். ‘அசாதோ’ என்னும் தணல் விருந்துக்காக நண்பர் பல மணி நேரம் நெருப்பருகே நின்ற பிறகு சொன்னால், அவர் மனம் வருந்தும். முன்பே தெரிந்திருந்தால் புரோவோலெத்தா என்னும் சுட்ட பாலாடைக்கட்டியும், சோளம் நிரப்பிய எம்பனாதாவும் நமக்காகக் காத்திருக்கும்.

பலரும் அறியாமல் செய்யும் பிழை ஒன்று, மாத்தே என்னும் மூலிகைத் தேநீரைக் குடிக்கும்போது நேர்கிறது. பாலெர்மோ பூங்காவின் புல்வெளியில் ஐந்து பேர் வட்டமாக அமர்ந்திருந்தோம். ஒருவர் சுரைக்குடுவையில் இலைத்தூளை நிரப்பி, கொதிநிலைக்கு வராத வெந்நீரைக் குடுவையின் ஓரமாக ஊற்றி, உலோக உறிஞ்சுகுழலுடன் என்னிடம் நீட்டினார். நான் குடித்து முடித்து, ‘கிராசியாஸ்’ என்று நன்றி சொல்லித் திருப்பித் தந்தேன். அடுத்த சுற்றில் குடுவை என்னைக் கடந்து பக்கத்தில் இருந்தவரிடம் போயிற்று. அதற்கடுத்த சுற்றிலும் அப்படியே. குடுவையைத் திருப்பித் தரும்போது நன்றி சொன்னால் ‘எனக்குப் போதும்’ என்பதே அதன் பொருள் என்று பிறகுதான் ஒருவர் விளக்கினார். இன்னும் வேண்டுமென்றால் பேசாமல் குடுவையை நீட்டினால் போதும். உறிஞ்சுகுழலை அசைக்கவோ, அதை வைத்து இலையைக் கிளறவோ கூடாது. ஒரே குழலில் அனைவரும் குடிக்கிறார்களே என்று அதைத் துடைப்பதும் முறையன்று.

பேருந்துக்கும் 1913 முதல் ஓடிவரும் சுப்தே சுரங்க ரயிலுக்கும் சுபே என்ற அட்டை பயன்படுகிறது. ஒரே அட்டையைப் பலருக்காகத் தட்டலாம் என்பதால், நண்பரே எல்லாருக்கும் தட்டிக்கொண்டே போவார். விலைவாசி ஓயாமல் ஏறும் நாட்டில் இது அவருக்குச் சிறு செலவன்று. நமக்கென ஓர் அட்டை வாங்கிப் பணம் நிரப்பி, சில வேளைகளில் நாம் முந்திக்கொள்ள வேண்டும். நடைபாதை ஓரத்தில் நின்று கைபேசியில் வழி தேடாதீர்கள். மோட்டார் சைக்கிளில் வந்து பறித்துச் செல்வோர் உண்டு. லா போகா பகுதியில் வண்ண வீடுகள் நிறைந்த காமினித்தோ தெருவைத் தாண்டி, இருட்டிய பின் போக வேண்டாம் என்று நண்பர் சொன்னால் வாதிடக் கூடாது.

பேச்சில் காக்க வேண்டிய கவனம் இவற்றைவிட முக்கியம். ஃபாக்லாந்து தீவுகளுக்காகப் பிரிட்டனுடன் 1982-இல் நடந்த போரில் அர்ஜென்டினா தரப்பில் 649 பேர் இறந்தனர். அந்தத் தீவுகளை அவர்கள் மால்வினாஸ் என்றே அழைக்கிறார்கள், நாமும் அவர்கள் முன் அப்படியே சொல்வதுதான் மரியாதை. மாயோ சதுக்கத்தில் வியாழக்கிழமை மாலை மூன்றரை மணிக்கு வெள்ளைத் தலைத்துணி அணிந்து நடக்கும் அன்னையரைக் காட்சிப்பொருளாகப் படமெடுப்பது பெருந்தவறு. 1976 முதல் 1983 வரையிலான இராணுவ ஆட்சியில் காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகளைக் கேட்டு 1977 ஏப்ரல் 30 அன்று அவர்கள் அங்கே முதன்முதலாகக் கூடினார்கள். நம்மை அழைத்துவந்த நண்பரின் குடும்பத்திலும் அத்தகைய இழப்பு இருக்கக்கூடும். அவராகப் பேசும்வரை காத்திருந்து, பேசினால் முழுவதுமாகக் கேளுங்கள்.

டாங்கோ ஆடும் மிலோங்கா அரங்குக்குக் கூட்டிச் சென்றால், கூட்டத்தின் நடுவே நேராகச் சென்று கை நீட்டி ஆட அழைக்க வேண்டாம். தொலைவிலிருந்து கண்ணால் கேட்டு, தலையசைப்பால் சம்மதம் பெறுவதே பழைய மிலோங்காக்களின் வழக்கம். மூன்று அல்லது நான்கு பாடல்கள் சேர்ந்தது ஒரு சுற்று. அது முடியும்வரை அதே இணையுடன் ஆட வேண்டும். முதல் பாடல் ஓய்ந்ததும் மகிழ்ச்சியில் ‘கிராசியாஸ்’ என்று சொல்லிவிடாதீர்கள்: இங்கும் அச்சொல்லுக்கு ‘போதும், நிறுத்திக்கொள்வோம்’ என்றே பொருள்.