ஸ்காட்லாந்துப் பிரபுப் பட்டம் யாருக்குப் போகும்? கண்டறியும் முறை

பலர் வம்சாவளியை வரைந்துவிட்டுத்தான் பட்டத்தைத் தேடுகிறார்கள். அங்கேயே தவறு தொடங்கிவிடுகிறது. முதலில் எடுக்க வேண்டியது பட்டத்தை வழங்கிய சாசனம்.

படி 1. சாசனத்தில் வாரிசு பற்றிய வரியைப் படியுங்கள். 'ஆண் வாரிசுகள்' என்றிருந்தால் மகளுக்கும் மகள் வயிற்றுப் பேரனுக்கும் இடமில்லை. பொதுவாக 'வாரிசுகள்' என்றிருந்தால், மகன் இல்லாதபோது மூத்த மகளுக்குப் போகும். இங்கிலாந்தின் பழைய பாரன் பட்டங்களைப் போல, யாருக்கும் போகாமல் மகள்களுக்கிடையே முடிவில்லாமல் தொங்காது.

படி 2. பிற்காலச் சாசனம் உண்டா என்று பாருங்கள். பட்டத்தை அரசரிடம் ஒப்படைத்து, வாரிசு வரிசையை மாற்றித் திரும்பப் பெறுவது அங்கே வழக்கமாக இருந்தது. குழந்தை இல்லாத எரோல் ஏர்ல் (ஏர்ல் என்பது பிரபுக்களில் ஒரு தகுதி) கில்பர்ட் ஹே, தனக்குப் பின் யார் என்று தானே குறிப்பிடும் உரிமையை 1666-இல் இப்படித்தான் பெற்றார்.

படி 3. ராஜத்துரோகத் தீர்ப்பு வந்தால் பட்டம் பறிபோகும். அந்தத் தீர்ப்புகளைக் குறியுங்கள்: யார் மேல், எந்த ஆண்டு. 1707-இல் இங்கிலாந்தோடு இணைவதற்கு முன் ஸ்காட்லாந்து நாடாளுமன்றமே பட்டத்தைப் பறித்தது, இறந்தவரிடமிருந்தும்கூட. 1600 ஆகஸ்டில் கொல்லப்பட்ட கௌரி ஏர்லின் உடலை வைத்தே நவம்பரில் தீர்ப்புச் சொன்னார்கள். 1708-க்குப் பின் இங்கிலாந்தின் துரோகச் சட்டம் அங்கும் செல்லுபடியானது.

படி 4. இதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். அப்பா பட்டம் இழந்தால் மகனுக்கு எதுவுமே கிடைக்காது என்று முடிவுகட்டாதீர்கள். உரிமை வரும் பாதை தண்டிக்கப்பட்டவர் வழியாகச் செல்கிறதா என்பதுதான் கேள்வி. ஜேம்ஸ் பாய்டைப் பாருங்கள். தந்தை கில்மார்னக் ஏர்ல் ராஜத்துரோகத்துக்காக 1746 ஆகஸ்ட் 18-இல் தலை வெட்டப்பட்டார். அந்தப் பட்டம் போயிற்று. தாயின் தந்தை லின்லித்கோ ஏர்ல். அவர் பட்டங்கள் அரசருக்கு எதிரான 1715 கிளர்ச்சியால் முன்பே போயின. ஆனால் தாயின் தாய் மார்கரெட், ஹே குடும்பத்துப் பெண். அவருடைய சகோதரி, எரோல் பட்டத்தை வைத்திருந்த சீமாட்டி மேரி, 1758-இல் பிள்ளையின்றி இறந்தபோது பட்டம் நேராக ஜேம்ஸிடம் வந்தது. அந்தப் பாதையில் துரோகி எவருமில்லை.

படி 5. மீட்பைத் தேடுங்கள். பறித்ததைத் திருப்பித்தர நாடாளுமன்றச் சட்டம் வேண்டும். 1716-இல் பறிக்கப்பட்ட மார் பட்டம் 1824-இல் அப்படித் திரும்பியது. 1866-இல் அதை வைத்திருந்தவர் பிள்ளையின்றி இறக்கவே, சகோதரி மகனும் ஆண்வழி உறவினரான கெல்லி ஏர்லும் மோதினார்கள். 1565-இல் உருவான ஆண்வழிப் பட்டம் இது என்று 1875-இல் பிரபுக்கள் சபை கெல்லி பக்கம் நின்றது. பழைய மார் பட்டம் தனியே உண்டு என்று 1885 சட்டம் அதைச் சகோதரி மகனுக்குத் தந்தது. இன்று மார் ஏர்ல் பட்டம் இரண்டு. குறிப்பெழுதும்போது பெயரோடு எந்தப் பட்டம் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.