கார்பன் ஃபைபர் வில் வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்

வயலின், வயோலா, செல்லோ போன்ற தந்திக் கருவிகளை வாசிக்கும் வில்லுக்கு முடி மாற்றுவதும் தளர்ந்த பாகங்களைச் சரிசெய்வதும் என் தொழில். மர வில், கார்பன் வில், கண்ணாடி இழை வில் எல்லாமே என் மேசைக்கு வரும். கார்பன் ஃபைபரில் எதை வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் பிராண்ட் பெயருக்குப் போவதற்கு முன்னால் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுவேன்: கார்பன் குச்சியை வாங்கிய பிறகு யாராலும் திருத்த முடியாது. மரக் குச்சி பக்கவாட்டில் கோணிப்போனால் சூடு காட்டி நிமிர்த்தலாம். உள்வளைவு குறைந்துபோனால் மறுபடி வளைக்கலாம். கார்பனில் இழைகளை ரெசின் பசையில் தோய்த்து, அச்சில் இறுக்கி, சூடேற்றி உறையவைத்துவிடுகிறார்கள். கோணலாக வந்தது கோணலாகவே இருக்கும். நேராக வந்தது வெயில், மழை, ஈரம் எதற்கும் அசையாமல் அப்படியே நிற்கும். ஆகவே பார்க்க வேண்டியதை எல்லாம் பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

மரம் இருக்கும்போது கார்பன் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. உயர்தர வில்லுக்கு பெர்னம்புகோ மரம்தான் என்பது 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், பாரிஸில் பிரான்சுவா தூர்த் இன்றைய வில்லின் வடிவத்தை நிலைப்படுத்திய காலத்திலேயே ஏறக்குறைய முடிவாகிவிட்டது. அந்த மரத்தின் பூர்வீகம் பிரேசிலின் அட்லாண்டிக் கரையோரக் காடு. சாயத்துக்காகவும் மற்ற காரணங்களுக்காகவும் நூற்றாண்டுக் கணக்கில் வெட்டி அது அருகிப்போனது. 2007இல், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள். இப்போது நல்ல பெர்னம்புகோ வில் எல்லார் கைக்கும் எட்டுவதில்லை. குறைந்த விலையில் கிடைக்கும் மர வில்கள் பலவும் வேறு மட்டமான மரத்தில் செய்தவை. அந்த நடுத்தட்டில்தான் கார்பன் நன்றாக நிற்கிறது. அருமையான பழைய பெர்னம்புகோ வில் ஏற்கெனவே கையில் இருக்கிறதென்றால், அதே தொனியைக் கார்பனில் தேடிப் போக வேண்டாம். இரண்டாவது வில்லாக ஒன்று வாங்குங்கள். திறந்தவெளிக் கச்சேரிக்கும், குச்சியாலேயே தந்தியைத் தட்டச் சொல்லும் கோல் லேன்யோ பகுதிகளுக்கும் பல ஆர்கெஸ்ட்ரா கலைஞர்கள் தங்கள் மர வில்லைப் பெட்டியில் வைத்துவிட்டுக் கார்பனைத்தான் எடுக்கிறார்கள்.

சரி, கடைக்குப் போனாயிற்று. கறுப்பாகப் பளபளக்கிற எல்லாமே கார்பன் இல்லை. கறுப்பு வண்ணம் பூசிய கண்ணாடி இழை வில் இருக்கும். உள்ளே மரம், வெளியே மெல்லிய கார்பன் தோல் என்று கலப்பு வில் இருக்கும். ‘காம்போசிட்’ என்ற சொல் இவை எல்லாவற்றையும் மூடி மறைக்கும். கண்ணாடி இழை ஒன்றும் பாவம் செய்யவில்லை, சின்னப் பிள்ளைகள் கீழே போட்டு மிதித்துப் பழக அதுவே போதும். கார்பன் விலைக்கு அதை வாங்கக் கூடாது, அவ்வளவுதான். குச்சியின் பொருள் என்ன, உள்ளே வெற்றிடமா, மரமா என்று நேராகக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அந்த வில்லைக் கீழே வைத்துவிடலாம்.

மேலே தெரியும் கட்டம் கட்டமான பின்னலைப் பார்த்து மயங்காதீர்கள். குச்சிக்கு விறைப்பு தருவதில் பெரும்பங்கு நீளவாக்கில் ஓடும் இழைகளுக்குத்தான். மேற்பரப்புப் பின்னல் பல வில்களில் வெறும் அலங்காரம். நல்ல தயாரிப்பாளர்களே அதை மர நிற வண்ணத்தில் மறைத்து விற்பதுண்டு. எண்கோணக் குச்சியா உருண்டையா என்பதும் அப்படித்தான். கார்பனில் இழை எப்படி அடுக்கப்பட்டது என்பதுதான் குணத்தைத் தீர்மானிக்கிறது. எண்கோணம் பிடித்திருந்தால் வாங்குங்கள், அதற்காகக் கூடுதல் பணம் கேட்டால் யோசியுங்கள்.

இப்போது கண் சோதனை. முடியைத் தளர்த்திவிட்டு, ஃபிராக் (கைப்பிடிப் பக்கம் முடியைப் பிடித்திருக்கும் கட்டை) இருக்கும் முனையைக் கண்ணருகே வைத்து, குச்சி வழியாக மறுமுனையைப் பாருங்கள். குச்சி இடதோ வலதோ சாயாமல் ஓட வேண்டும். முனையின் தலைப்பகுதி ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கக் கூடாது. பிறகு வாசிக்கும் அளவுக்கு முறுக்கிவிட்டு மறுபடி பாருங்கள். தளர்த்தியபோதே கோணல் என்றால் அது குச்சியின் கோளாறு, தீர்வு கிடையாது. தளர்வில் நேராக இருந்து முறுக்கும்போது மட்டும் கோணினால் முடி ஒரு பக்கம் இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கலாம். அதை என்னைப் போன்ற ஆள் முடி மாற்றும்போது சரிசெய்துவிடுவார். ஆனால் முடி சமமாகவே இருந்து, குச்சி மட்டும் பாம்பு போல நெளிந்தால் பக்கவாட்டு விறைப்பு போதவில்லை என்று பொருள். வாங்க வேண்டாம்.

முறுக்கிய நிலையிலும் குச்சி முடியை நோக்கி உள்ளே வளைந்தே இருக்க வேண்டும். நடுவில் முடிக்கும் குச்சிக்கும் இடையே ஒரு பென்சில் நுழையும் இடைவெளி, ஏறக்குறைய அவ்வளவு போதும். கார்பன் வில் பலவற்றுக்கு மர வில்லைவிடக் குறைவாக முறுக்கினாலே போதும். பழக்க தோஷத்தில் இறுக்கிவிட்டு ‘இது முரட்டு வில்’ என்று தீர்ப்பு சொல்பவர்கள் நிறையப் பேர்.

அடுத்தது ஃபிராக். வாங்குபவர்கள் கவனிக்காத இடம், என் மேசைக்கு அதிகம் வரும் இடமும் இதுதான். அந்தக் கருங்காலிக் கட்டையை இரண்டு விரலால் பிடித்து இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். குச்சியோடு ஒட்டி உட்கார வேண்டும். லேசாக ஆடினாலும் வாசிக்கும்போது கட்டைவிரலுக்குத் தெரியும். பின்னால் இருக்கும் திருகைத் தளர்விலிருந்து முழு முறுக்குவரை திருப்புங்கள். ஒரே சீராக, கரகரப்பு இல்லாமல் ஓட வேண்டும். உள்ளே திருகு போய் மாட்டும் பித்தளைக் கண்ணி தேய்வது சகஜம், மலிவாக மாற்றலாம். குச்சியில் திருகு நுழையும் துளையே கோணலாக இருந்தால்தான் தலைவலி.

இன்னொன்றை மறக்காமல் கேளுங்கள்: ‘இதற்கு முடி மாற்ற முடியுமா?’ முறையான வில்லில் முனையிலும் ஃபிராக்கிலும் சிறு பள்ளம் இருக்கும். நூற்றைம்பது, இருநூறு குதிரை முடிகளை முடிச்சுப் போட்டு அந்தப் பள்ளத்தில் வைத்து, சின்ன மர ஆப்பு அடித்து நிறுத்துவோம். சில மலிவு வில்களில் ஆப்புக்குப் பதில் பசை ஊற்றிவிடுகிறார்கள், அல்லது பள்ளத்தின் வடிவமே எந்த ஆப்புக்கும் பொருந்தாது. குச்சி ஆயுள் முழுக்க வரும், முடி வராது. தினமும் வாசிப்பவருக்கு வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டிவரும். முடி மாற்ற முடியாத வில்லை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

எடை பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். வயலின் வில் 60 கிராம் சுற்றி, வயோலாவுக்கு 70 சுற்றி, செல்லோவுக்கு 80 சுற்றி இருப்பது வழக்கம். டபுள் பேஸுக்கு இன்னும் நிறைய. அதில் ஃபிரெஞ்சுப் பிடியா ஜெர்மன் பிடியா என்பதையும் முதலிலேயே முடிவுசெய்துகொள்ள வேண்டும், இரண்டுக்கும் ஃபிராக்கே வேறு. இந்த எண்களில் இரண்டு கிராம் கூடினாலும் குறைந்தாலும் கவலைப்படாதீர்கள். கைக்குத் தெரிவது மொத்த எடையைவிட, எடை எங்கே இருக்கிறது என்பதுதான். வில்லைப் படுக்கவைத்து ஒரு விரல்மேல் நிறுத்துங்கள். வயலின் வில் பெரும்பாலும் ஃபிராக் பக்கத்து முனையிலிருந்து 24, 25 செ.மீ. தூரத்தில் சமமாக நிற்கும். அந்தப் புள்ளி முனைப்பக்கம் தள்ளிப் போகப்போக வில் கனமாகத் தோன்றும், சுண்டுவிரல் சீக்கிரம் களைத்துவிடும். ஒரே 60 கிராமில் இரண்டு வில் எடுத்து, வாசிக்கும் பிடியில் காற்றில் கிடையாக ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள், வித்தியாசம் புரியும்.

கார்பனில் கொஞ்சமாவது மாற்ற முடிகிற விஷயம் இந்தச் சமநிலை. கைப்பிடியில் சுற்றியிருக்கும் கம்பியை மாற்றினால் சில கிராம் கூட்டலாம், குறைக்கலாம். வெள்ளிக் கம்பி கனம், பட்டு நூல் லேசு. முனை கொஞ்சம் கனக்கிறது, மற்றபடி எல்லாம் பிடித்திருக்கிறது என்றால் அந்த வில்லை ஒதுக்க வேண்டாம், கனமான கம்பி சுற்றித் தரச் சொல்லுங்கள்.

வேண்டுமென்றே மிகவும் லேசாகச் செய்யும் வில்களும் உண்டு. ஜெர்மனியின் ஆர்கஸ் நிறுவனம் அப்படிப் பெயர் வாங்கியது. தோள்வலி உள்ளவர்கள் சிலர் அதற்கு மாறி நிம்மதியாக இருக்கிறார்கள். ஆனால் கையின் கனத்தை வில்லில் இறக்கி வாசித்துப் பழகியவருக்கு முதல் சில நாட்கள் வில் தந்தியில் உட்காராமல் மிதப்பது போலத்தான் இருக்கும். கடையில் நின்றபடி ஐந்து நிமிடத்தில் அதைத் தீர்மானிக்க முடியாது.

அப்புறம் வாசித்துப் பார்ப்பது. உங்கள் சொந்தக் கருவியை எடுத்துப் போங்கள், கடையின் வயலினில் நன்றாக இருந்த வில் உங்களுடையதில் வேறு மாதிரி பேசும். புது முடிக்கு ரோசின் (முடி தந்தியைப் பற்றுவதற்காகத் தேய்க்கும் பிசின்) நன்றாக ஏறியிருக்க வேண்டும். ஏறாத முடியில் எந்த வில்லும் ஊமைதான். நீளமான, மிக மெதுவான வீச்சில் தொடங்குங்கள். ஃபிராக்கிலிருந்து முனைவரை ஒலி நடுங்காமல் வருகிறதா? நடுவில் ஓரிடத்தில் மட்டும் துடித்தால் அங்கே குச்சியின் விறைப்பு மாறுகிறது. பிறகு முனையில் மிக மெல்லிய ஒலி, ஃபிராக்கில் முழு பலத்தோடு இரட்டைத் தந்தி. அழுத்தும்போது குச்சி முடியைத் தொட்டு உரசினால் உங்கள் கைக்கு அது மிருது. அதன் பிறகு நடுப்பகுதியில் வேகமாகத் துள்ளும் வீச்சு. வில் தானாகத் துள்ள வேண்டும், துள்ளலை நீங்கள் நிறுத்தச் சொன்னால் நிற்கவும் வேண்டும். விறைப்பான கார்பனில் துள்ளல் சுலபமாக வரும், அடக்குவதுதான் சிரமம்.

தொனி விஷயத்தில் ஒரு பொதுவிதி உதவும். விறைப்பான குச்சி ஒலியைக் கூர்மையாக்கும், நெகிழ்வானது மிருதுவாக்கும். உங்கள் கருவி ஏற்கெனவே கீச்சென்று பளிச்சிடுகிறதென்றால் விறைப்பான வில் காதைத் துளைக்கும். மந்தமான கருவிக்கு அதே வில் உயிர் கொடுக்கும். உங்கள் காது கருவிக்கு ஒரு சாண் தூரத்தில் இருப்பதால் உரசல் சத்தம் மிகையாகக் கேட்கும். கூட வந்தவரை அறையின் மறுகோடியில் திரும்பி உட்காரச் சொல்லி, எந்த வில் என்று சொல்லாமல் ஒரே நாலு வரியை மாற்றி மாற்றி வாசியுங்கள். ஆறேழு வில்லை ஒரே சமயத்தில் பரப்பினால் குழப்பம்தான் மிஞ்சும். இரண்டை எடுங்கள், தோற்றதை அனுப்புங்கள், வென்றதோடு அடுத்ததை வையுங்கள். விலைச் சீட்டை அதுவரை பார்க்காமல் இருப்பது இன்னும் நல்லது.

சிலருக்கு இன்னும் ஒரு மயக்கம் உண்டு, கார்பன் உடையாது என்று. குச்சி லேசில் உடையாது, உண்மைதான். முனையின் தலைப்பகுதி கல்தரையில் நேராக விழுந்தால் அதுவும் போகும், போனால் ஒட்டி நம்பி வாசிக்க முடியாது. விரிசலை நீங்களே அரம் வைத்து ராவாதீர்கள், அந்தத் தூசியும் சிராய்களும் தோலுக்கும் நுரையீரலுக்கும் ஆகாது. ஈரத்தில் குச்சி மாறாவிட்டாலும் முடி நீளும், சுருங்கும். ஆகவே வாசித்து முடித்ததும் தளர்த்தும் வேலை கார்பனுக்கும் உண்டு.

முடிவு செய்வதற்கு முன் ஒரு வாரம் வீட்டுக்குக் கொண்டுபோக அனுமதி கேளுங்கள், பல கடைகள் கொடுக்கும். அந்த வாரத்தில் வழக்கமாக உங்கள் வில்லைப் பார்ப்பவரிடம் ஒருமுறை காட்டி, முனைப் பள்ளத்தையும் திருகையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை. உத்தரவாதச் சீட்டில் தலைப்பகுதி உடைவது சேர்ந்திருக்கிறதா, எத்தனை வருடம், கைமாறினாலும் செல்லுமா என்ற மூன்றையும் படித்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.