மலையில் பழைய காருக்கு ஏசி காஸ் அடிப்பது: முள் 24இல் நின்றால் பயப்படாதீர்கள்

"நுவரெலியாவில் எதற்கு ஏசி?" என்று கேட்பவர்கள், ஜூலை மழையில் றம்பொடை வளைவுகளில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஓட்டியிருக்க மாட்டார்கள். ஐந்து நிமிடத்தில் முன்கண்ணாடி வெள்ளையாகிவிடும். காற்றிலுள்ள ஈரத்தை ஏசி எடுத்தால்தான் அது தெளியும். எங்கள் 1998 கொரோலா 110இல் ஏசி போனபின், அம்மாவைக் கண்டிக்குக் கூட்டிப்போகும் வழியெல்லாம் துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டினேன். அப்புறம்தான் இந்த வேலையை நானே கற்றுக்கொண்டேன்.

முதலில் காஸ்தானா பிரச்சினை?

விடியற்காலைக் குளிரில் சோதிக்காதீர்கள். குளிர் அதிகமென்றால் உள்ளே இருக்கும் சென்சாரே, காஸை அழுத்திச் சுற்றவிடும் கொம்ப்ரசரை ஓட விடாது. நல்ல ஏசியும் பழுதானதுபோல் தெரியும். வெயில் வந்தபின் எஞ்சினை ஓட விட்டு ஏசியைப் போடுங்கள். கொம்ப்ரசரின் கிளட்ச் 'டக்' என்று பிடிக்கவில்லையா? ஃபியூஸ், ரிலே, வயர் சொக்கட் மூன்றையும் பாருங்கள். அவை சரியென்றால், காஸின் அழுத்தத்தைக் காட்டும் கேஜை மாட்டலாம்.

எஞ்சின் நின்றிருக்க, 15 முதல் 20 பாகை வெப்பநிலையில் முள் 60–70 பிஎஸ்ஐ காட்டும். அதை வைத்து காஸ் நிறைய இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். உள்ளே கொஞ்சம் திரவம் மிஞ்சியிருந்தாலும் அதே அளவுதான் காட்டும். மிகக் குறைவாக இருந்தால் மட்டும் காஸ் போய்விட்டது என்று உறுதியாகச் சொல்லலாம்.

போன காஸ் எங்கேயோ கசிந்துதான் போயிருக்கும். குழாய் இணைப்புகளிலும், ரேடியேட்டருக்கு முன்னால் காஸின் சூட்டை வெளியே விடும் கொண்டென்சரின் அடிப்பகுதியிலும் எண்ணெயோடு ஒட்டிய தூசியைத் தேடுங்கள். சோப்புத் தண்ணீர் தடவி நுரை பாருங்கள். எங்கள் காரில் இணைப்பிலிருந்த ஒரு ஓ-ரிங்தான், அதாவது ரப்பர் வளையம். கசிவை அடைக்கும் திரவம் என்று போத்தலில் விற்பதை வாங்கவே வாங்காதீர்கள். காஸ் சிறு துவாரத்தால் போகும் எக்ஸ்பான்ஷன் வால்வையும் அது அடைத்துவிடும்.

மிச்சக் காஸை வெளியே திறந்துவிட வேண்டாம். இந்தக் காஸின் பெயர் ஆர்-134ஏ; அதில் ஒரு கிலோ, நூறு ஆண்டுக் கணக்கில் சுமார் 1,400 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். மெஷின் உள்ள கராஜில் கொடுத்து உறிஞ்சி எடுப்பியுங்கள். கார் 1990களின் தொடக்கத்துக்கு முந்தியதென்றால் உள்ளே ஆர்-12 என்ற பழைய காஸ் இருக்கலாம். அதன் எண்ணெயும் வேறு, காஸ் அடிக்கும் வாயின் மரையும் வேறு. அதற்கு இந்த முறை பொருந்தாது.

வெக்கியூம் பிடிப்பது

புதுக் காஸ் அடிக்குமுன், குழாய்களுக்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் போட்டு உறிஞ்சி எடுக்க வேண்டும். நான் இரண்டு நாள் தடுமாறியது இங்கேதான். பம்ப் போட்டு அரை மணி நேரம் ஆகியும் முள் 24 அங்குலத்தை (பாதரச அளவு) தாண்டவில்லை. பார்த்த விளக்கங்கள் எல்லாவற்றிலும் 29 வரவேண்டும் என்றிருந்தது. கசிவென்று நினைத்து எல்லா ஓ-ரிங்கையும் மாற்றினேன், பம்ப் எண்ணெயையும் மாற்றினேன். முள் அசையவில்லை.

கேஜ், வெளியிலுள்ள காற்றழுத்தத்திலிருந்து எவ்வளவு இறங்கினோம் என்பதைத்தான் காட்டுகிறது. கடல் மட்டத்தில் அந்தக் காற்றழுத்தம் சுமார் 30 அங்குலம். 6,100 அடிக்கு மேல் இருக்கும் நுவரெலியாவில் 24தான். இருப்பதே 24 என்றால் 29 எப்படி வரும்? ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் கழித்துக்கொள்ளுங்கள். ஹட்டனில் 26 வந்தால் போதும்.

ஆகவே அளவைவிட, அது நிற்கிறதா என்பதுதான் முக்கியம். எஞ்சினைச் சூடாக்கி நிறுத்திவிட்டு பம்ப் போடுங்கள். குளிர்ந்த குழாயில் ஒட்டிய ஈரம் எளிதில் ஆவியாகாது. முக்கால் மணி நேரம் ஓடட்டும். பிறகு கேஜ் வால்வை மூடி, பம்பை நிறுத்தி அரை மணி நேரம் பாருங்கள். முள் நகரவில்லையென்றால் கசிவில்லை.

பம்ப் வாங்க வேண்டியதில்லை. ஃப்ரிட்ஜ் திருத்துபவரிடம் நாள் வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் இரட்டைக் கேஜ் செட் சொந்தமாக வையுங்கள். கலர் வட்டம் போட்ட ஒற்றைக் குழாய் டின்னை நான் நம்பமாட்டேன்.

காஸ் அடிப்பது

கண்ணாடியும் கையுறையும் போடுங்கள். இந்தக் காஸ் −26 பாகையில் கொதிக்கும்; தோலில் பட்டால் உறைந்து புண்ணாகும். நீலக் குழாய், சிறிய வாய், குறைந்த அழுத்தப் பக்கம். டின்னை அதில் மட்டும் இணைக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது, உயர் அழுத்தப் பக்கமான சிவப்பு வால்வைத் திறந்தால் டின் வெடிக்கலாம்.

எவ்வளவு அடிப்பது என்று பொனட்டுக்கு அடியிலுள்ள ஸ்டிக்கரில் கிராமில் இருக்கும். டின்னைச் சமையலறைத் தராசில் வைத்து நிறுத்தே அடியுங்கள். முதல் தடவை நான் கேஜைப் பார்த்து அடித்தேன். 16 பாகைக் குளிரில் முள் ஏறவில்லை என்று மேலும் மேலும் விட்டேன். கொழும்புக்கு இறங்கும்போது கித்துல்கலை வரை சுகம். அவிசாவளை வெயிலில் கொம்ப்ரசர் விட்டு விட்டு நின்றது. கராஜில் காஸை எடுத்து எடை பார்த்தபோது 150 கிராம் கூடுதலாக இருந்தது.

டின்னை நிமிர்த்தியே பிடியுங்கள். பாதியில் குளிர்ந்து காஸ் வராமல் நின்றால், கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் வைத்துத் துடைத்துவிட்டு மறுபடி நிறுங்கள். கொதிநீர் வேண்டவே வேண்டாம்.

பிறகு சேர்த்தது: அரை மணியில் முள் 24இலிருந்து 22க்கு இறங்கிவிட்டது, ஈரமா கசிவா என்று பண்டாரவளையிலிருந்து ஒருவர் கேட்டார். மறுபடி பம்ப் போட்டு, மூடிப் பாருங்கள். ஈரமென்றால் ஒவ்வொரு தடவையும் இறக்கம் குறையும். கசிவென்றால் அதே வேகத்தில் இறங்கிக்கொண்டே இருக்கும். அவருக்கு இரண்டாவதுதான். காஸ் அடிக்கும் வாயினுள் இருக்கும் சின்ன வால்வு ஊசி தேய்ந்திருந்தது. டயர் வால்வுபோல் கழற்றி மாற்றினார்.